காட்டை வெட்டாமல் காட்டினால் வாழ்வது

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்கு மலைச்சரிவில் ஒரு துண்டுக் காணி கிடைக்கின்றது. கூரைக்குத் தகரம் போட்டாயிற்று, ஓடையிலிருந்து குழாய் இழுத்தாயிற்று. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் கத்தியைத் தீட்டுகின்றார். வீட்டுக்கு மேலே, ஓடைக்கரையை ஒட்டி, ஒரு சிறு காடு நிற்கின்றது. அதை வெட்டி எரித்தால் இந்த மாரிக்கே மரவள்ளியும் சோளமும் போடலாம் என்பது அவருடைய கணக்கு. பிள்ளைகளின் பசி அடுத்த வருடம் வரை காத்திருக்காது. ஆகவே அவர் நினைப்பது பிழை என்று சொல்ல எம்மில் எவருக்கும் வாய் வராது.

கண்டி மாவட்டத்தின் சரிவுகளில் இந்தக் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். உடுதும்பரப் பக்கத்தில் ஒரு தாய் எம்மிடம் நேராகவே கேட்டார்: "வெட்டாதீங்கன்னு எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போறாங்க. காடு சோறு போடுமாங்க ஐயா?"

அந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாத பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை. முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: காடு சோறு முழுவதையும் போடாது. ஆனால் கறிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கொப்பிக்கும் வேண்டிய காசில் ஒரு பங்கை, மரத்தை விழுத்தாமலே, வருடா வருடம் தரக்கூடியது. வெட்டிய சரிவோ இரண்டு மூன்று போகம் தந்துவிட்டுக் கையை விரித்துவிடும்.

எம் முன்னோர் வெட்டிய காடு

கண்டி மலைகளில் காடு வெட்டிய கதை எமக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் இம்மலைக்காடுகள் அரசின் உடைமையாக எண்ணப்பட்டு, ஏக்கர் ஏக்கராகத் துரைமாருக்கு விற்கப்பட்டன. கோப்பி நடுவதற்காக அக்காடுகளை வெட்டியும் எரித்தும் நிலமாக்கிய கைகளில் தென்னிந்தியாவிலிருந்து நடத்தி வரப்பட்ட எம்மவரின் கைகளும் உண்டு. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பின்வந்த இருபது வருடங்களுக்குள் அந்தப் பயிர் அழிந்தே போயிற்று. தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, போன காடு திரும்பி வரவில்லை.

வெட்டியது போதும் என்ற அச்சம் அன்றைய ஆட்சியாளருக்கே ஏற்பட்டது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவதற்காக விற்பது நிறுத்தப்பட்டது. இன்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிகளில் எஞ்சியுள்ள காடு நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணமாகும். அம்மலையிலிருந்து இறங்கும் ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை எல்லாம் மகாவலியில் போய்ச் சேர்கின்றன. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்திற்காகப் பழைய தெல்தெனிய நகரும் அயற்கிராமங்களும் நீரில் மூழ்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறிடம் போனதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மழை அடுத்த பாடத்தைத் தந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளையும் மனிதரையும் கொண்டு போயின. அப்படியான மழையில் மரம் நிற்கும் சரிவும் சில வேளை சரியும் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் வேர் பிடித்திருக்கும் மண்ணுக்கும் வேர் அறுந்து ஈரம் குடித்து நிற்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு மலையில் வாழும் எவருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்கு மேலே நிற்கும் அந்தச் சிறு காடு முதலில் உங்கள் வீட்டின் மதில். வருமானம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

வெட்டிய சரிவின் கணக்கு

சேனை வெட்டி எரித்த நிலத்தில் முதற்போகம் நன்றாக வரும். அது உங்களை ஏமாற்றும் விளைச்சல். பல வருடங்களாக இலை உதிர்ந்து சேர்ந்த உரமும் எரித்த சாம்பலும் சேர்ந்து தருவது அது. சரிவில் விழும் மழை அந்த மேல்மண்ணை ஒன்றிரண்டு மாரிக்குள் ஓடைக்குக் கொண்டு போய்விடும். மூன்றாம் வருடம் கல்லும் மானாப் புல்லும் மிஞ்சும். முற்காலத்துச் சேனைக்காரர் ஒரு துண்டை வெட்டினால் பின்னர் பல வருடங்கள் அதை ஆறப்போட்டு வேறிடம் போனார்கள். இருபது பேர்ச், நாற்பது பேர்ச் என்று அளந்து கொடுக்கப்பட்ட எமக்குப் போவதற்கு வேறிடம் கிடையாது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வெட்டாமல் விட்டால் அந்த நிலத்தில் ஏற்கெனவே நிற்பது எது? அதிலிருந்து எதை எடுக்கலாம்? எடுத்தால் மீண்டும் வருமா?

கித்துள்: நிற்கும் பசு

கண்டி மலைகளின் ஓடைக்கரைகளிலும் பற்றைகளிலும் எவரும் நடாமலே வளரும் மரம் கித்துள். தமிழகத்தில் இதைக் கூந்தற்பனை என்பர். பழத்தைத் தின்னும் மரநாய் கொட்டையைக் காடெங்கும் போட்டுச் செல்வதால் இது தானே பரவுகின்றது. பழத்தைக் கையால் பிசைந்தால் கடுமையாகக் கடிக்கும் என்பதால் மனிதர் அதை நெருங்குவது குறைவு.

கித்துள் முளைத்துப் பத்துப் பதினைந்து வருடங்களின் பின்னரே பூக்கும். முதற்பாளை உச்சியில் வரும். அடுத்தடுத்த பாளைகள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கி வரும். கடைசிப் பாளையோடு மரம் பட்டுவிடும். ஆகவே பூக்கத் தொடங்கிய கித்துள் சில வருடங்களே கறக்கக்கூடிய பசு. அந்த வருடங்களை வீணாக்காமல் பயன்படுத்துவதும், அடியில் முளைத்து நிற்கும் குட்டிகளைக் கத்தி படாமல் காப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

விரியாத பாளைக்கு உப்பு, மிளகு, சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைச் சேர்த்த மருந்து வைத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமுறை உண்டு. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லும் இரகசியமும் உண்டு. சில நாட்களில் பாளை பதமானதும் காலையும் மாலையும் நுனியை மெல்லிதாகச் சீவ, நீர் சொட்டத் தொடங்கும். மரத்திற்கு மரம் அளவு மாறும். நாளொன்றுக்குப் பத்து லீட்டர் தரும் ஒரு பாளையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஏழு போத்தல் நீரைக் காய்ச்சினால் ஒரு போத்தல் பாணி. அப்படியானால் நாளொன்றுக்கு ஒன்றரை லீட்டருக்குச் சற்றுக் குறைவான பாணி கிடைக்கும். இரண்டு மாதம் சீவினால் எண்பது லீட்டருக்கு மேல் வரும். மழை நாள், நீர் குறைந்த நாள், புளித்துப் போன நாள் என்று கால்பங்கைக் கழித்தாலும் அறுபது லீட்டர் நிற்கும். அதையே மேலும் இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இது ஒரு மரத்தின் ஒரு பாளைக்கு நாம் போட்ட கணக்கு. உங்கள் கடைத்தெருவில் நல்ல கித்துள் பாணி என்ன விலை போகின்றது என்று கேட்டு, மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது இதிலுள்ள கஷ்டங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, உயிர் ஆபத்து. நாற்பது ஐம்பது அடி உயரத்தில், மழை நனைத்த மூங்கில் ஏணியில் நின்று செய்யும் வேலை இது. விழுந்து இறந்தவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் ஒவ்வொரு கித்துள் கிராமத்திலும் உண்டு. இடுப்புக்குக் கயிற்றுப் பட்டி கட்டாமல் எவரும் ஏறக்கூடாது. அனுபவமில்லாத இளைஞரை ஆசை காட்டி ஏற்றவும் கூடாது.

இரண்டாவது, எம்மவருக்கு இத்தொழில் பழக்கமில்லை. கித்துள் சீவுவோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். ஆனால் இது தடையாக இருக்க வேண்டியதில்லை. எமது காணியில் மரம் நின்றால், ஏறத் தெரிந்த அயலவர் சீவ, நீரையோ பாணியையோ பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. நாம் சென்ற ஓர் ஊரில் சிங்கள அயலவர் மரம் ஏறுகின்றார். தமிழ்க் குடும்பம் அடுப்பைப் பார்க்கின்றது. "அவரு மகனுக்கும் எங்க மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் குடுக்கிறாரு" என்றார் அந்த வீட்டு அக்கா. இப்படியான அயலுறவையும் அந்தக் கித்துள் மரமே அவர்களுக்குத் தேடித் தந்தது.

மூன்றாவது, விறகு. பாணி காய்ச்ச நெடுநேரம் நெருப்பு வேண்டும். அதற்காகக் காட்டை வெட்டினால் வாசலில் காத்ததைக் கொல்லையில் இழந்தவராவோம். வேலியோரம் சீமைக்கிளுவை என்னும் கிளிரிசிடியாவை நெருக்கமாக நட்டு, முறைவைத்துக் கொப்பு வெட்டினால் விறகும் கிடைக்கும், இலை உரமுமாகும். சட்டியைச் சுற்றி மண்ணால் அடைத்த அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும்.

நான்காவது, ஹல் பட்டை. நீர் புளிக்காதிருக்கப் பானைக்குள் ஹல் மரத்தின் பட்டையைப் போடுவது வழக்கம். ஹல் எமது தீவுக்கே உரிய மரம். அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு பக்கத்தில் சிறிதளவே எடுக்க வேண்டும். பானையைக் கொதிநீரில் கழுவிப் புகைகாட்டி வைப்பதும், இறக்கிய நீரை ஆறவிடாமல் உடனே அடுப்பில் ஏற்றுவதும் பட்டையின் தேவையைக் குறைக்கும்.

ஐந்தாவது, கலப்படம். சீனி கலந்த பாணி சந்தையில் நிறைந்து கிடக்கின்றது. இதனால் நல்ல பாணிக்கும் ஆட்கள் சந்தேகப்பட்டுக் காசு குறைக்கின்றார்கள். ஒருமுறை சீனி கலந்தவன் ஊர் முழுவதினதும் பெயரைக் கெடுக்கின்றான் என்பதை ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும். நீரைக் கள்ளாக விற்பது மதுவரிச் சட்டத்திற்கு உட்பட்ட விடயம். பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் அதில் இறங்க வேண்டாம்.

பட்ட கித்துளின் சோற்றிலிருந்து மா எடுக்கலாம். அது கஞ்சிக்கும் களிக்கும் உதவும். நார் தும்புத்தடிக்கும் தூரிகைக்கும் போகும். எசல பெரஹரா காலத்தில் யானைக்குத் தீனி கேட்டு வருவோருக்கு ஓலையைக் கொடுக்கலாம். பாளை வராத மரத்தை அடியோடு தறித்துக் கொடுத்தால் ஒரு நாள் காசுக்காகப் பல வருட வருமானத்தை விற்றவராவோம்.

கொறுக்காயும் நெல்லியும்

மீன்கறிக்குப் புளிப்பூட்டும் கொறுக்காய் ஈரவலயக் காட்டோரங்களில் வளரும் மரம். பழுத்த காயின் சுளைகளைப் பிரித்து வெயிலில் வாட்டி, அடுப்புக்கு மேலே புகையில் கறுக்க உலர்த்தினால் வருடக்கணக்கில் கெடாது. வீதி வசதி இல்லாத ஊருக்கு இது பெரிய நன்மை. வாங்குபவன் இன்று வராவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம். தக்காளிக்காரனைப்போல அழுகும் பயத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கொறுக்காயில் ஆண்மரமும் பெண்மரமும் வேறு. காய்ப்பது பெண்மரம். நாமும் ஒருமுறை இதில் தவறினோம். கொட்டையில் முளைத்த கன்றுகளைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டோம். பல வருடம் நீரூற்றி வளர்த்த பின் பூத்தபோது, சில வீடுகளில் நின்றவை எல்லாம் ஆண்மரங்கள். அக்குடும்பங்களின் முகத்தில் விழிக்க எமக்கு நெடுநாள் வெட்கமாக இருந்தது. காய்க்கும் மரத்தில் எடுத்த ஒட்டுக்கன்றையே கேட்டு வாங்குங்கள். சாதிக்காய்க்கும் இதே விதி பொருந்தும்.

மலையின் கிழக்குப் பக்கம், மழை குறைந்த புல்வெளிக் காடுகளில், நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் இயற்கையாக வளர்கின்றன. திரிபலா என்று எமது வைத்தியம் சொல்லும் மூன்றும் இவைதான். ஊவாவில் பிபிலைப் பகுதி இதற்குப் பெயர்போனது. 1990களின் கடைசியில் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய மூலிகைப் பாதுகாப்புத் திட்டம் தெரிந்தெடுத்த ஐந்து இடங்களில் பிபிலையும் ஒன்று. றிட்டிகல, ரஜவக்க, நைமன, கன்னெலிய என்பன ஏனையவை. காட்டைச் சுற்றி வாழும் மக்களுக்கு வருமானம் இல்லாமல் காட்டில் மூலிகையைக் காக்க முடியாது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை எண்ணம்.

ஏலம் கற்பித்த பாடம்

"மரத்தை வெட்டாமல் நிழலில் பயிர் செய்தால் போதும்தானே" என்று கேட்போருக்கு நக்கிள்ஸ் மலையின் ஏலச்செய்கையைக் காட்ட வேண்டும். ஏலம் பெருமரங்களின் நிழலை விரும்பும் பயிர். ஆகவே அரசு காட்டைக் குத்தகைக்குக் கொடுத்து, அடியில் ஏலம் நட அனுமதித்தது. மேலே பார்த்தால் காடு பச்சையாகவே நின்றது. ஆனால் ஏலத்துக்கு இடம் விடக் கீழ்ப்பற்றையும் இளங்கன்றுகளும் வெட்டப்பட்டன. கிழமரம் விழுந்தபோது அதன் இடத்திற்கு வர இளமரம் இல்லை. ஏலத்தை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அதே காட்டிலிருந்து போயிற்று. மண் அரிக்கத் தொடங்கியது.

1980களின் நடுப்பகுதியில் மேற்காட்டில் ஏலச்செய்கை தடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. காட்டுக்கு இது நல்லது. ஆனால் ஏலத்தில் கூலி பெற்ற கிராமத்தவருக்குக் கைவருமானம் போயிற்று. சிலர் களவாகத் தொடர்ந்தார்கள். சிலர் நகரத்துக்குக் கூலிக்குப் போனார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. உச்சி பச்சையாகத் தெரிவதால் காடு உயிரோடிருக்கின்றது என்று நினைக்கக்கூடாது. அடியில் இளங்கன்று இருக்கின்றதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மற்றது, உங்களுக்கு உரிமையில்லாத காட்டை நம்பி வாழ்க்கையை அமைத்தால் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு அது முடிந்துவிடலாம்.

திடீர் விலைக்கு மயங்காதீர்கள்

காட்டுச் செடி ஒன்றுக்குத் திடீரென்று பெருவிலை சொல்லிக்கொண்டு வெளியாட்கள் ஊருக்கு வருவதுண்டு. வல்லப்பட்டை அப்படித்தான். இம்மரத்தில் அகில் போன்ற வாசனைப் பிசின் உண்டென்று 2012ஆம் ஆண்டளவில் செய்தி பரவியது. அதன்பின் ஈரவலயக் காடுகளில் மரங்கள் இரவோடிரவாக விழுந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடத்தல்காரர் பிடிபட்ட செய்திகள் வந்தபடி இருந்தன. பெருங்காசு எங்கோ போயிற்று. காட்டில் அகப்பட்ட ஏழைக் கூலிக்காரனுக்குக் கிடைத்தது வழக்கும் சிறையும்.

மரமஞ்சள் மற்றொரு கதை. வெனிவெல் என்று சிங்களத்தில் சொல்லப்படும் இக்கொடியைக் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்காத வீடு எமது நாட்டில் குறைவு. 2020இல் கொரோனாக் காலத்தில் அதன் தேவை மிகக் கூடியது. ஆனால் இக்கொடி மிக மெதுவாக வளர்வது. மருந்துக்கு எடுப்பது இலையோ காயோ அல்ல, தண்டு. தண்டை அடியோடு வெட்டினால் அடுத்த தண்டுக்குப் பல வருடங்கள் வேண்டும். பொன்கொறண்டியின் நிலையும் இதேதான். சிங்களத்தில் கொத்தலஹிம்புட்டு எனப்படும் இது நீரிழிவுக்குக் கேட்கப்படுவது. வேரும் தண்டும் போனால் கொடியே போயிற்று.

இதிலிருந்து எவரும் நினைவில் வைக்கக்கூடிய ஓர் அளவுகோலைச் சொல்லலாம். இலை, பூ, காய், பாளைநீர் எடுப்பது வட்டி வாங்குவது போன்றது. பட்டை, தண்டு, வேர், கிழங்கு எடுப்பது முதலில் கை வைப்பது. வட்டியில் வாழலாம். முதலில் கை வைக்க வேண்டியிருந்தால் அதை உங்கள் தோட்டத்தில் நீங்களே நட்டு வளர்த்த செடியில் செய்யுங்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு மலையில்

தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடுகளுக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் என்னும் ஆதிவாசி மக்கள் வாழ்கின்றார்கள். இவர்களும் ஒருவகையில் இடம்பெயர்ந்தவர்களே. 1974இல் அவர்களது காடு சரணாலயமானது. காட்டுக்குள்ளே இடம்விட்டு இடம் மாறிச் செய்துவந்த பயிர்ச்செய்கை நின்றது. நெல்லி, தேன், பாசி போன்றவற்றைச் சேகரித்துத் தமது கூட்டுறவுச் சங்கங்களுக்கு விற்றுச் சீவித்தார்கள். ஆய்வாளர்கள் பல வருடங்கள் அவர்களோடு சேர்ந்து மரங்களை எண்ணி, எவ்வளவு நெல்லி எடுத்தால் காடு தாங்கும் என்று பார்த்தார்கள்.

2000களின் நடுப்பகுதியில், சட்டத்தைக் காட்டி, சரணாலயத்துக்குள் சேகரித்து விற்பது நிறுத்தப்பட்டது. நெல்லி பெருகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சோளகர் வேறொன்றைச் சொன்னார்கள். நெல்லி பறிக்க மரமேறும்போது கிளையிலுள்ள புல்லுருவியையும் அவர்கள் வெட்டிவிடுவார்கள். ஏறுவது நின்றதும் புல்லுருவி பெருகி நெல்லி மரங்களைக் கொல்லத் தொடங்கியது. ஆய்வாளரின் கணக்கும் புல்லுருவியால் மரங்கள் சாவதைக் காட்டியது. 2006இல் இந்தியாவில் வந்த வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2011இல் சோளகரின் பல கிராமங்களுக்குச் சமூக வன உரிமை எழுத்தில் கிடைத்தது.

காட்டில் பயன் எடுக்கும் மனிதன் எப்போதும் காட்டின் பகைவன் அல்லன். அளவறிந்து எடுத்து, களை பறித்து, கண் வைத்திருப்பவன் அதன் காவற்காரன். எமது நாட்டில் அதுபோன்ற சட்டம் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

காட்டை வீட்டுக்குக் கொண்டு வருதல்

ஆகவே எமது குடும்பங்களுக்கு மிகப் பாதுகாப்பான வழி, காட்டின் அமைப்பை வீட்டைச் சுற்றி நாமே உண்டாக்குவதுதான். கண்டிக் கிராமத்தவர் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கின்றார்கள். கண்டி வீட்டுத்தோட்டம் என்று உலகெங்கும் விவசாய நூல்களில் பேசப்படுவது இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் காடு போலவே தெரியும். உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை உண்டு. மேலே பலா, கித்துள், தென்னை, கமுகு. நடுவில் சாதிக்காய், கராம்பு, கொறுக்காய். மரத்தைப் பற்றியேறும் மிளகு. கீழே கோப்பி, இஞ்சி, மஞ்சள், வல்லாரை.

இருபது பேர்ச்சில் இவையெல்லாவற்றையும் நட முடியாது. இப்படித் தொடங்கலாம்:

முதல் வருடம்: வேலி முழுவதும் கிளிரிசிடியாத் தடி. அதன் அடியில் மிளகுக் கொடி. சரிவுக்குக் குறுக்கே கல்வரம்பு அல்லது செவந்திராப் புல் வரிசை. வரம்புக்கு இடையில் மரவள்ளியும் கீரையும். வயிற்றுக்கு இது வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் வருடம்: நிழல் வந்ததும் இஞ்சி, மஞ்சள், கோப்பி. மிளகு காய்க்கத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோவாகும். பச்சையாக விற்பதா, காயவைத்து விற்பதா என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளின் காலத்துக்கு: ஒரு பலா, ஒரு கித்துள், ஒட்டுக்கன்றில் ஒரு கொறுக்காய் அல்லது சாதிக்காய். சாதிக்காயில் வசுவாசியைத் தனியாகப் பிரித்து உலர்த்துங்கள்; காயைவிட அதற்கு நல்ல விலை.

மிளகு, சாதிக்காய், கராம்பு போன்றவற்றுக்கான கன்றும் ஆலோசனையும் பேராதனையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் கீழ் வரும். உங்கள் பகுதி உத்தியோகத்தர் யார் என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒருவராகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். பத்துக் குடும்பமாகப் பெயர் எழுதிக் கையொப்பமிட்டுப் போனால் பதில் வேறாக இருக்கும்.

சேர்ந்து விற்பது

காட்டுப்பொருளில் மோசடி பெரும்பாலும் தராசில்தான் நடக்கின்றது. கொறுக்காயும் மிளகும் வாங்க வருபவர் ஈரம் என்று ஒரு கழிவு, தூசு என்று ஒரு கழிவு போடுவார். முற்பணம் கொடுத்திருந்தால் விலையையும் அவரே சொல்வார். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு தராசும், உலர்த்துவதற்கு நல்ல பாய்களும், பொருளை வைக்க ஈரமில்லாத ஓர் அறையும் வைத்திருந்தால் பாதி மோசடி நின்றுவிடும். கண்டிச் சந்தை விலையை ஒவ்வொரு வாரமும் கைத்தொலைபேசியில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கு எழுதும் பொறுப்பைப் பெண்களிடம் கொடுத்த குழுக்கள் நெடுநாள் நிலைத்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பாதுகாக்கப்பட்ட வனத்திலும் சரணாலயத்திலும் செடி, பட்டை, வேர் எதையும் எடுப்பது குற்றமாகும். ஊரில் காடு என்று சொல்லப்படும் துண்டு வனபரிபாலனத் திணைக்களத்தினுடையதா, தோட்டக் கம்பனியினுடையதா, உங்கள் அனுமதிப்பத்திரத்துக்குள் வருவதா என்று எழுத்தில் அறிந்துகொள்ளுங்கள். பலா மரத்தை உங்கள் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. மண்சரிவு அபாயமுள்ள இடமா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டும்படி பிரதேச செயலகத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அபாயமான இடமென்றால் மரம் நடுவதைவிட வேறிடம் கேட்பதே முதல் வேலை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பெரிய கேள்வி நிற்கின்றது. கித்துள் காய்க்கும்போதும் கொறுக்காய் பழுக்கும்போதும் அந்தக் காணி எங்களுடையதாக இருக்குமா? உறுதியில்லாத நிலத்தில் எவன் பதினைந்து வருட மரம் நடுவான்? லயன் அறையில் பிறந்து, பலமுறை பெயர்ந்து வந்த எம்மவர் மரவள்ளியோடு நின்றுவிடுவது அறியாமையால் அல்ல. நாளை எழும்பிப் போகச் சொல்வார்கள் என்ற அச்சத்தால்தான். ஆகவே கன்று கேட்டு எழுதும் கடிதத்திலேயே காணி உறுதியையும் கேட்டு எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள் அல்ல.

உடுதும்பரப் பக்கத்துத் தாயிடம் மறுபடி போனபோது அவர் வீட்டுக்கு மேலிருந்த காடு அப்படியே நின்றது. ஓடைக்கரைக் கித்துளில் பாளை தள்ளியிருந்தது. வேலியில் மிளகு இடுப்பளவு ஏறியிருந்தது. "சோறு போடுதா அம்மா?" என்று நாம் கேட்டோம்.

"சோறு நாங்க கூலி வேலை செஞ்சுதான் திங்கிறோம். ஆனா பாணி வித்த காசுல சின்னவளுக்குச் சப்பாத்து வாங்கினேன்" என்றார். பின் காட்டுப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "அந்த மழையில தூங்காம அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம். அது நின்னுச்சு. நாங்களும் இருக்கோம்."